பிரஷர் குளிசை பார்க்கின்சன் நோயின் வேகத்தைக் குறைக்குமா?

கேள்வி: டிக்கோயாவிலிருந்து ஒரு மகள்

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த கடைசி வருடத்தில் அவரது வலக்கை விரல்கள் மந்தமாகி, நிறை எட்டாமல் பல நாட்கள் அரைப்பேர்தான் (அரைநாள் சம்பளம்) விழுந்தது. அப்போது நடுக்கம் இல்லாததால் யாரும், வீட்டிலிருந்த நாங்களும்கூட, அதை நோயென்று எண்ணவில்லை. சென்ற வருடம் கண்டியில் காட்டியபோதுதான் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். இப்போது அந்த நோய்க்கான லெவோடோபா மருந்தை நாளுக்கு மூன்று வேளை குடிக்கிறார். அதற்கு முன்பிருந்தே பிரஷருக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் எடுத்து வருகிறார்.

கொழும்பில் இருக்கும் என் சின்னம்மாவின் மகன், இஸ்ராடிபின் என்ற பிரஷர் குளிசை இந்த நோயின் வேகத்தைத் தணிக்கும் என்று படித்ததாகவும், அம்லோடிபினும் அதே இனத்தைச் சேர்ந்தது என்பதால் அளவைக் கூட்டிப் பார்க்கலாம் என்றும் சொல்கிறார். இதில் உண்மை இருக்கிறதா?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளர், நுவரெலியா

மகளே, உங்கள் உறவினர் படித்தது பொய்யல்ல; பாதியில் நிற்கும் கதை.

நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்புக் கலங்கள்தான் உடல் அசைவுக்கு வேண்டிய டோபமினைச் சுரக்கின்றன; அவை அழிவதால் வருவதே பார்க்கின்சன். இவை வெளித் தூண்டுதல் இல்லாமலே ஓயாமல் துடிப்பவை. ஒவ்வொரு துடிப்பிலும் கலத்தின் வாசல் ஒன்றின் வழியே கல்சியம் உள்ளே புகுவதால், அதை வெளியேற்றுவதற்கே கலத்தின் சக்தியில் பெரும்பங்கு செலவாகி, காலப்போக்கில் கலம் நைந்துபோகிறது. அந்த வாசலை அடைத்தால் கலம் பிழைக்கும் என்று அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் சர்மையரின் குழு 2007இல் எலிகளில் காட்டியது. அடைப்பதற்கு அவர்கள் பயன்படுத்திய மருந்துதான் இஸ்ராடிபின். பின்னர் 2010இல் வெளிவந்த டென்மார்க் ஆய்வொன்றில், கல்சிய வாசலை அடைக்கும் இந்த இனத்தின் சில குளிசைகளை உட்கொண்டவர்களிடம் பார்க்கின்சன் ஏறக்குறைய கால்பங்கு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் அதே ஆய்வில் அம்லோடிபினுக்கு அந்தத் தொடர்பு தென்படவில்லை. அது மூளைக்குள் எளிதில் நுழையாத மருந்து. ஆகவே இனம் ஒன்று என்பதற்காக ஒன்றின் வேலையை மற்றது செய்துவிடாது.

இஸ்ராடிபினையாவது தேடலாமா என்றால், அதற்கும் விடை வந்துவிட்டது. லெவோடோபா தொடங்காத ஆரம்பநிலை நோயாளிகள் 336 பேரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் இஸ்ராடிபினும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிசையும் கொடுத்து, வட அமெரிக்காவில் மூன்று வருடங்கள் கவனித்தார்கள். முடிவு 2020இல் வெளியானது. நோயின் கடுமையை அளக்கும் புள்ளி, மருந்து எடுத்தவர்களிடம் சராசரியாக 2.99ஆலும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களிடம் 3.26ஆலும் கூடியிருந்தது. பயன் என்று கொள்ள முடியாத அளவுக்குச் சிறிய வித்தியாசம் இது.

மீண்டும் கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. மருந்தின் அளவு போதாமல்தான் பலன் தெரியாமல் போயிருக்குமோ?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளர்

ஆய்வாளர்களும் அதைக் கேட்டார்கள். அளவைக் கூட்ட முடியாததற்குக் காரணம் இருந்தது: அதற்கு முன் 99 பேரிடம் நடந்த சோதனையில், 20 மில்லிகிராம் எடுத்த பலருக்குக் கால்வீக்கமும் தலைச்சுற்றலும் வந்து, அந்த அளவைத் தொடர முடியவில்லை. நடுக்கமோ விறைப்போ தெரியும் வேளைக்குள் அந்தக் கலங்களில் பெரும்பங்கு அழிந்துவிடுகிறது என்பதால், மருந்து தாமதமாகத் தொடங்கப்பட்டிருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். இரண்டில் எது சரியானாலும் அம்மாவின் குளிசையைக் கூட்ட அது நியாயமாகாது.

பதில்: பண்டாரவளையிலிருந்து ஒருவர்

என் மனைவிக்கும் இதே நோய், ஒன்பதாவது வருடம் நடக்கிறது. மருந்தாளர் ஐயா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன், ஏனெனில் அதை நாங்கள் விழுந்தடித்துத்தான் கற்றோம். பார்க்கின்சன் நோயே எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தை வீழ்த்தக்கூடியது. லெவோடோபாவும் அதைக் குறைக்கும். அதன்மேல் பிரஷர் குளிசையும் கூடினால், இரவில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வெளியே கழிவறைக்குப் போகிறவர் ஈரமான படியில் மயங்கி விழுவதற்கு வேறொன்றும் தேவையில்லை. அம்மாவைச் சிறிது நேரம் படுக்கவைத்து அளந்துவிட்டு, எழுந்து நின்ற ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் கிளினிக்கில் கட்டாயம் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு அப்படித்தான் பிரஷர் குளிசையைப் பாதியாக்கினார்கள். அதற்காக நீங்களாகவே நிறுத்திவிடவும் வேண்டாம்.

லெவோடோபாவைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பாகக் கொடுக்கிறீர்களா? பருப்பு, கருவாடு, முட்டை போன்ற புரத உணவுடன் சேர்ந்தால் சிலருக்கு அது சரியாக ஏறுவதில்லை.

மீண்டும் கேட்டவர்

இன்று காலை தோட்ட வைத்தியசாலையில் அளந்து பார்த்தோம். படுத்திருக்கையில் 142, எழுந்து நின்ற மூன்றாம் நிமிடத்தில் 116. பண்டாரவளை அண்ணா சொல்லியிராவிட்டால் இதை அளந்தே இருக்க மாட்டோம். இரண்டு எண்களையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்கியிருக்கிறேன். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராமல் இந்த வாரமே கண்டிக்குக் கூட்டிச் செல்கிறேன்.