ஒரே ஒரு நிமிஷத்துல வீட்டுப் பழக்கம் மாறின அனுபவம் உங்களுக்கும் உண்டா?

குரோம்பேட்டைக்காரி:
மூணு மாசம் ஆச்சு, இன்னும் மனசை விட்டுப் போகல. அதான் எழுதுறேன்.

காலைல அஞ்சரை மணி. வேலைக்கு வர்ற அக்காவுக்கு வாசக் கதவைத் திறந்துவிட்டுட்டு, பால் காய்ச்சலாம்னு முன்னாடி நடந்தேன். அடுப்படிக் கதவைத் தள்ளினதும் கேஸ் வாடை. தூக்கக் கலக்கத்துல அது மூளைக்கு ஏறவே இல்ல. இருட்டா இருக்கவும் கை தன்னால சுவிட்சுக்குப் போயிடுச்சு. பின்னாடியிருந்து அந்த அக்கா என் மணிக்கட்டைப் பிடிச்சு ஒரே இழு. கண்ணாடி வளையல் ரெண்டு உடைஞ்சு கைல ரத்தம். "லைட்டு போடாதம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. இருட்டுலயே உள்ள போய் ரெகுலேட்டரை மூடினாங்க, பின் கதவைத் திறந்தாங்க, என்னையும் குழந்தையையும் வெளிய நிக்க வெச்சாங்க. முந்தின ராத்திரி பால் சுட வெச்ச சின்ன பர்னர், திருகு முழுசா மூடாம நின்னிருக்கு.

ரெண்டு வருஷமா அவங்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்துட்டு இருந்தேன். பாத்திரத்தை இப்படிக் கவுங்க, துணியை அப்படிப் பிழியுங்கன்னு. அதை நினைச்சாத்தான் தொண்டை அடைக்குது.

இப்போ ராத்திரி சிங்க் காலி பண்ணணும், மேடை துடைக்கணும், ரெகுலேட்டர் மூடணும், அப்புறம்தான் லைட்டை அணைக்கணும். எவ்வளவு அசதியா இருந்தாலும் இந்த வரிசை மாறாது. உங்களுக்கும் இப்படி யாராவது ஒருத்தர் ஒரு பழக்கத்தைக் கொடுத்துட்டுப் போயிருக்காங்களா?

சேலத்து அண்ணன்:
தங்கச்சி, உயிர் தப்பினீங்க. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் சுவிட்சைப் போட்டார்கள். ஜன்னல் சட்டம் எங்கள் வாசலில் வந்து விழுந்தது. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.

ஆனால் ரெகுலேட்டரை மூடுவதோடு நின்றுவிடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் படுத்திருக்கும். மேலே இருக்கும் வென்டிலேட்டரை மட்டும் நம்பக் கூடாது, கதவைத் திறந்தால்தான் வெளியே போகும். ஃபேனைப் போட்டு வாடையை விரட்டலாம் என்று பலர் நினைக்கிறார்கள், அது லைட் போடுவதற்குச் சமம், சுவிட்சில் எழும் சின்னப் பொறியே கேஸைப் பற்ற வைக்கும். எரிகிற லைட்டை அணைக்கவும் கூடாது. வெளியே வந்த பிறகு கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆரஞ்சு நிற டியூபை 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி அதன் மேலேயே அச்சாகியிருக்கும். சிலிண்டரின் மேல் வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும், சிலிண்டரை அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்பதற்கான குறி அது. ஏ என்றால் ஜனவரியிலிருந்து மார்ச், பி என்றால் ஏப்ரலிலிருந்து ஜூன், சி, டி அப்படியே அடுத்தடுத்த மும்மாதங்கள். அந்தக் காலம் கடந்த சிலிண்டர் வந்தால் வாங்காதீர்கள், திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு. எடையும் போட்டுப் பாருங்கள். காலி சிலிண்டரின் எடை அதிலேயே எழுதியிருக்கும், அதோடு 14.2 கிலோ சேர்ந்து வர வேண்டும். கசிவு எங்கே என்று பார்க்கச் சோப்பு நுரை மட்டுமே, தீக்குச்சி ஒருநாளும் கூடாது. என் வீட்டில் மாதம் பிறந்த முதல் ஞாயிறு இதையெல்லாம் நானே பார்க்கிறேன்.

தென்காசி மருமகள்:
என் மாமியார் கொடுத்தது நாலரை மணிக்கு எழுந்திரிக்கிற பழக்கம். கல்யாணமாகி வந்த புதுசுல ஒருநாள் ஏழு மணிக்கு எழுந்து வந்தேன். அத்தை ஒரு வார்த்தை திட்டல. வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, நாலு படி அரிசிக்கு ஒரு படி உளுந்துன்னு ஊற வெச்சு முடிச்சிட்டு, எனக்குக் காப்பியை ஆத்திக் கொடுத்தாங்க. அந்த டம்ளரை வாங்கும்போது பட்ட வெக்கம் இன்னும் இருக்கு. விடியுறதுக்கு முன்னாடி எழுந்தா வீடு தன்னால நடக்கும். மத்த எந்த ஒழுங்கும் அதுக்கு அப்புறம்தான்.

நைட் டூட்டி நர்ஸ்:
தென்காசி அக்கா, கோவிச்சுக்காதீங்க, இதை ஒத்துக்க முடியல. மாசத்துல பத்து நாள் நான் காலை எட்டரைக்குத்தான் வீட்டுக்கே வர்றேன். நாலரை மணிக்கு வார்டுல ஊசி போட்டுட்டு இருப்பேன். அப்போ என் வீடு நடக்காத வீடா?

நானும் நேரம் போட்டு அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டினவதான். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் அது செத்துப்போகும். ஒரு திங்கட்கிழமை டூட்டி முடிஞ்சு வந்து, பையனோட ஸ்கூல் பையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை தயிர்சாதம் அப்படியே டப்பாவுல இருந்துச்சு. பச்சையா பூஞ்சை. நான் யாரையும் ஒண்ணும் சொல்லல, டப்பாவைக் கைல வெச்சுட்டு நின்னேன், அவ்வளவுதான். ஏழு வயசுப் பையன் ஓடி வந்து காலைக் கட்டிக்கிட்டு, "நீ தூங்கிட்டு இருந்தம்மா, எழுப்பினா தலை வலிக்கும்னு நான் சொல்லல"ன்னு அழுதான்.

அன்னைக்கு அட்டவணையைக் கிழிச்சேன். இப்போ மணியே கிடையாது. பை கீழ இறங்கினா டப்பா சிங்க்குக்குப் போகணும், அதுக்கு அப்புறம்தான் ஷூ கழட்டறது. யார் கூட்டிட்டு வந்தாலும், எத்தனை மணிக்கு வந்தாலும் இதுதான். குக்கர் இறங்கினா மறுநாள் அரிசியை அளந்து வெச்சிடணும். துணி எடுத்துட்டு வந்தா மடிச்சிட்டுத்தான் உட்காரணும். ஒரு வேலையோட வாலைப் பிடிச்சு அடுத்த வேலை வரணும் அக்கா. அதுக்குக் கடிகாரம் எதுக்கு? உங்க அத்தை நல்லவங்க, அதுல சந்தேகமில்ல. ஆனா அந்த வெக்கம் உங்களுக்குத் தேவையே இல்லாதது.

தென்காசி மருமகள்:
நர்ஸ் தங்கச்சி, நான் என் வீட்டைச் சொன்னேன், உங்களைக் குறை சொல்லல. உங்க பையனை நினைச்சா கண்ணு கலங்குது. அவன் தலைல கை வெச்சு நான் சொன்னேன்னு சொல்லுங்க.

போரூர் பாபு அம்மா:
எங்க வீட்ல ட்ரம் நாலு. 2019ல, சென்னைக்கு ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அந்த வருஷம் வாங்கினது. லாரி எப்போ வரும்னு தெரியாம குடத்தோட நின்னவங்களுக்குத் தெரியும், அதுக்கு அப்புறம் மழை பெஞ்சாலும் ட்ரம்மைக் காலி பண்ண மனசு வராது.

கொசு ஒழிப்புக்கு ஒரு தம்பி வாராவாரம் வருவார். நான் வாசல்லயே நிறுத்தி, "எங்க வீடு சுத்தம், அடுத்த வீட்டைப் பாரு"ன்னு அனுப்பிடுவேன். ஒரு தடவை கெஞ்சி உள்ள வந்தார். ட்ரம்மைக்கூட முதல்ல பாக்கல. ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி டார்ச் அடிச்சு, கீழ இருக்கற தட்டை உருவி, அந்தத் தண்ணியை ஒரு வெள்ளைக் கிண்ணத்துல ஊத்தி என் கைல கொடுத்தார். புழு. சின்னச் சின்னதா நெளியுது. பதினஞ்சு இருபது இருக்கும். டெங்கு கொசுவோட புழும்மா, நல்ல தண்ணியிலதான் வளரும், அந்தக் கொசு பகல்ல கடிக்கும்னு சொன்னார். பத்து நாள்ல பாபுவுக்கு டெங்கு. ஆஸ்பத்திரில தட்டணு எண்ணிக்கை இறங்க இறங்க எனக்கு அந்தக் கிண்ணம்தான் கண்ணுல நின்னுச்சு. புள்ள பொழைச்சு வந்துட்டான்.

வெள்ளிக்கிழமை எங்க வீட்ல காய்ச்சல் நாள்னே பேரு. ட்ரம், ஃபிரிட்ஜ் தட்டு, மணி பிளான்ட் பாட்டில், மாடில கெடக்கற தேங்கா ஓடு, எல்லாம் கவுத்துடுவேன். தண்ணியைக் கொட்டினா மட்டும் பத்தாது, உள்பக்கம் பிரஷ் போட்டுத் தேய்க்கணும். முட்டை காஞ்சு ஒட்டிக்கிட்டே மாசக்கணக்கா உயிரோட இருக்குமாம், மறுபடி தண்ணி பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாகறதுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான், அதனாலதான் வாரம் தவறக் கூடாது. அந்தத் தம்பி இப்போ வந்தா உக்கார வெச்சு மோர் கொடுக்கறேன். அன்னைக்கு அவரை நான் பேசின பேச்சுக்கு அது ஈடாகாது.

கும்பகோணம் ஓய்வூதியர்:
எல்லோருடைய பதிவையும் படித்தேன். என்னுடையது வேறு மாதிரி.

என் மனைவி வீட்டுக் கணக்கு முழுவதையும் மாதக் காலண்டரின் கட்டங்களில்தான் எழுதுவாள். பால் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு வட்டம், ரேஷன், வண்ணான் கணக்கு. முப்பத்தாறு வருடம் அந்தக் காலண்டரில் நான் முகூர்த்த நாள் மட்டுமே பார்த்திருக்கிறேன். மார்ச் 9 அன்று அவள் காலமானாள். காரியமெல்லாம் முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போன பின், ஏப்ரல் தாளைத் திருப்பினேன். 14க்கு அடுத்த கட்டத்தில் அவள் கையெழுத்து. "மிளகாய் காய வை. வெயில் நல்லா இருக்கும்."

அவளுக்கே எழுதிக்கொண்டது. ஆனால் படிக்க நான்தானே இருந்தேன். மறுநாள் மிளகாய் ஒரு கிலோ, மல்லி இரண்டு கிலோ வாங்கி மாடியில் பரப்பினேன். அளவு சரியா என்று கேட்க ஆள் இல்லை. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, வெந்தயம், விரலி மஞ்சள் எல்லாம் அடுக்கில் டப்பா டப்பாவாக, மேலே பெயர் ஒட்டி வைத்திருந்தாள். இரண்டு வெயில் காய்ந்ததும் தூக்குப் பையில் எடுத்துக்கொண்டு மாவு மில்லுக்குப் போனேன். அங்கே இருக்கும் அம்மா பையைப் பார்த்தே அடையாளம் கண்டுகொண்டு, "மாமி வரலியா?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் என் பையை முதலில் வாங்கி இயந்திரத்தில் கொட்டினார். அரைத்த பொடியைச் சூடு ஆறும்வரை தாளில் பரப்பி வைக்கச் சொல்லியும் கொடுத்தார்.

இப்போது கட்டங்களில் நான் எழுதுகிறேன். போன வருடத்துக் காலண்டரைப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறேன், அவள் என்றைக்கு என்ன செய்தாள் என்று பார்த்துச் செய்ய.

குரோம்பேட்டைத் தங்கைக்கு ஒரு கேள்வி. சுவிட்சைப் போடக் கூடாது என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது, கேட்டீர்களா?

குரோம்பேட்டைக்காரி:
ஐயா, உங்க பதிவைப் படிச்சிட்டு அப்படியே உக்காந்துட்டேன்.

நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் இன்னைக்கு அவங்ககிட்ட கேட்டேன். மூணு மாசமா கேட்கத் தோணல. பாத்திரம் தேய்ச்சுட்டு இருந்தவங்க நிமிரல. "எங்க பெரியக்கா லைட்டு போட்டுச்சும்மா"ன்னாங்க. அதுக்கு அப்புறம் தண்ணிச் சத்தம் மட்டும்தான்.

சேலத்து அண்ணன் சொன்னதைப் படிச்சு எங்க வீட்டு டியூபைப் பாத்தேன், சரியா இருந்துச்சு. சாயங்காலம் அவங்களோடவே அவங்க வீட்டுக்குப் போனேன், முதல் தடவையா. அங்க டியூபோட நுனி வெடிச்சிருந்துச்சு, துணி சுத்தி வெச்சிருந்தாங்க. தேதி துடைச்சுப் பாத்தா 2014. ஏஜென்சில சொல்லி மாத்த ஏற்பாடு பண்ணிட்டேன், நாளைக்கு ஆள் வர்றாங்க. அதுவரைக்கும் சிலிண்டரைக் கழட்டி மூடியைப் போட்டுட்டோம். இன்னைக்கு ராத்திரிச் சாப்பாடு அவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் எங்க வீட்டுலதான்.