புதுப்பிப்பு: கடன் அடைத்த பிறகும் வில்லங்கச் சான்றில் அடமானம் காட்டியது – தீர்ந்துவிட்டது

பதில் சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி. நான் கேட்டது இதுதான்: நாங்கள் வாங்கவிருந்த வீட்டின் மீதிருந்த கடனை விற்பவர் அடைத்துவிட்டார், வங்கியின் ‘பாக்கி இல்லை’ கடிதமும் இருந்தது. ஆனாலும் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் சான்று) அடமானம் அப்படியே நின்றது.

“கடிதம் போதாது, அடமான ரத்து ஆவணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்” என்ற யோசனைதான் பலித்தது. கடன் தீர்ந்ததும் பதிவேட்டில் இருப்பது தானாக அழிந்துவிடாது. விற்பவர் வங்கியிடம் ரத்து ஆவணம் வாங்கிப் பதிவு செய்தார். அப்புறம் புதிதாகச் சான்று எடுத்தோம். பழைய பதிவு மறையவில்லை; ரத்து என்று தனிப் பதிவாக வந்திருந்தது. முதலில் பதறிவிட்டேன். அப்படித்தான் வரும் என்றார் வழக்கறிஞர்.

எதிர்பாராதது ஒன்று: வங்கி திருப்பித் தந்த ஆவணக் கட்டில் தாய்ப்பத்திரம் (சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்) இல்லை. கடன் வாங்கியபோது ஒப்படைத்த ஆவணங்களின் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததால்தான் தெரிந்தது. தேடி எடுத்துத் தர மூன்று வாரம் ஆனது. அதுவரை முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் கொடுக்கவில்லை. அசலைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகே கிரயம் செய்தோம்.