வலெட்டா போய் வந்தவங்க யாராவது இருக்கீங்களா?

வணக்கம் நண்பர்களே. அக்டோபர்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு மால்டா போறேன், 4 நாள். ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை. தங்குறது தலைநகர் வலெட்டாவில்தான். 1565-ல ஒட்டோமான் துருக்கியர் மால்டாவை முற்றுகையிட்டது முடிஞ்ச மறுவருஷமே கட்ட ஆரம்பிச்ச கோட்டை நகரம். படம் பார்த்தா பல தெருக்கள் தெருவே இல்லை, கடல் வரைக்கும் இறங்குற கல்படிக்கட்டு! அம்மாவுக்கு முட்டிவலி. துறைமுகத்திலிருந்து மேல் பரக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்குன்னு தெரியும். ஊருக்குள்ள படி இல்லாம நடக்க எந்தத் தெரு சரி?

செயின்ட் ஜான் பேராலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜியோ வரைஞ்ச, யோவான் தலை வெட்டப்படுற ஓவியம் பார்க்கணும். தான் வரைஞ்சதில் அவர் கையெழுத்துப் போட்டது அது ஒண்ணுதானாம், அதுவும் சிந்திக் கிடக்குற ரத்தத்துல. காலையில் அங்கே போய்ட்டு 12 மணி பீரங்கி வெடிக்குத் தோட்டம் போய்ச் சேர முடியுமா? இல்ல, 4 மணி வெடியே போதுமா?

ஹைபோஜியம் பாதாளக் கல்லறைக்கு டிக்கெட் எத்தனை வாரம் முன்னாடி எடுத்தீங்க?

முக்கியமான கேள்வி: அம்மா சுத்த சைவம். பட்டாணி வச்ச பஸ்தீட்ஸியைப் பார்த்து நம்ம பஃப்ஸ் மாதிரி இருக்கேன்னு சந்தோஷப்பட்டாங்க. மாவுல பன்றிக்கொழுப்பு சேர்ப்பாங்களாமே? சேர்க்காத கடை தெரிஞ்சா சொல்லுங்க. எதுக்கும் புளிக்காய்ச்சல் பாட்டில் பெட்டியில் ஏறிடுச்சு.