வகுப்புக்கு ஒரு மாசம் புத்தகமே தொடக்கூடாதா? வாசிக்கத் திணறும் பிள்ளையும் வீட்டுக்கல்வியும்

எழுத்தாணி:
பக்கத்துத் திரியில் ஒரு அம்மா கேட்டிருந்தார். பையன் நாலாம் வகுப்பு, எழுத்துக்கூட்டியே இன்னும் தடுமாறுகிறான், பள்ளியை நிறுத்திவிட்டு வீட்டில் சொல்லிக்கொடுக்கலாமா என்று. அதற்குத் திறந்தவெளி கொடுத்த பதில்: "பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாசம் புத்தகமே தொடக்கூடாது. அப்புறம் வாசிப்பு தன்னால வரும்." படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

பேச்சு தன்னால் வரும். வாசிப்பு வராது. சொல்லிக்கொடுத்தால்தான் வரும், அதுவும் திணறுகிற பிள்ளைக்கு மற்றவர்களைவிடப் பலமடங்கு திரும்பத் திரும்பச் சொன்னால்தான் வரும். அந்தப் பையனுக்கு எது தெரியவில்லை என்று யாராவது கேட்டீர்களா? 'கொடி' என்பதை 'காடி' என்று வாசித்தால் கொம்பு அவன் கண்ணில் படவே இல்லை என்று அர்த்தம். முன்னால் எழுதுவதைப் பின்னால் ஒலிக்க வேண்டும், க-வுக்கு இரண்டு பக்கமும் குறி நிற்கிறது, இது சாதாரண விஷயம் இல்லை. 'பட்டம்' என்பதை 'படடம' என்றால் புள்ளி பிடிபடவில்லை. 'கௌ' பார்த்து 'கெள' என்றால் அது வேறு பிரச்சினை. நாலு மாசம் சும்மா இருந்தால் இதில் எது சரியாகும்?

திறந்தவெளி:
நான் எழுதினது ஆறு பத்தி. அதுல ஒரே ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு தனித் திரியே போட்டுட்டீங்க. சந்தோஷம்.

புத்தகத்தைப் பார்த்தாலே கண்ணு கலங்குற பிள்ளைகிட்ட, திங்கட்கிழமை பள்ளியை விட்டு நிறுத்தி செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு மேசையில உட்கார வெச்சு 'கொ சொல்லு, கோ சொல்லு'ன்னா என்ன நடக்கும்? பள்ளிக்கூடத்து பயம் அப்படியே அம்மா மேல மாறிடும். முதல் மாசம் முடியறதுக்குள்ள வீடு போர்க்களம். வீட்டுக்கல்வியைக் கையில எடுத்து பாதியில விடுறவங்கள்ல பலபேர் இங்கதான் விடுறாங்க. அதனாலதான் அந்த இடைவெளி. 1971லயே இவான் இலிச்ங்கிற கல்வி விமர்சகர் சொன்னது இது.

எழுத்தாணி:
இலிச் அப்படிச் சொல்லவில்லை. அவர் 1971இல் எழுதியது பள்ளி என்ற அமைப்பின் பிடியிலிருந்து சமூகத்தை விடுவிப்பது பற்றி. பள்ளியைவிட்டு வந்த பிள்ளையை எத்தனை மாசம் சும்மா வைக்கணும் என்ற கணக்கு அதில் கிடையாது. வகுப்புக்கு ஒரு மாசம் என்பது வீட்டுக்கல்விக் குடும்பங்களுக்குள் வாய்வழி வந்த கணக்கு. ஆய்வு செய்து கண்ட அளவு இல்லை. பெயர் சொன்னால் பயந்துவிடுவோம் என்று நினைத்தீர்களா?

கொய்யாமரம்:
ஒரு சந்தேகம். மழலையர் வகுப்பு ரெண்டு வருஷத்தையும் சேர்க்கணுமா? அப்ப நாலு இல்ல, ஆறு மாசம் ஆகுதே.

திறந்தவெளி:
சேர்க்கணும்.

எழுத்தாணி:
ஆறு மாசமாம்! பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளெழுத்து:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. அந்தப் பையனுக்குக் கண்ணும் காதும் பார்த்தாச்சா? பள்ளியில நடக்கிற கண் பரிசோதனை பெரும்பாலும் 6 மீட்டர் தள்ளி சுவர்ல இருக்கிற அட்டையை வாசிக்க வைக்கிறதோட முடிஞ்சுடும். தூரப்பார்வைக் குறையுள்ள பிள்ளை, அதாவது கிட்ட இருக்கிறது தெளியாத பிள்ளை, கண்ணை வருத்தி அதைத் தாண்டிடும். பத்து நிமிஷம் வாசிச்சதும் எழுத்து மங்குது, வரி தாவுது, தலை வலிக்குது. இரண்டு கண்ணும் கிட்டத்துல சேர்ந்து குவியாத பிள்ளையும் அந்தச் சோதனையில தப்பிச்சுடும். கிட்டப் பார்வையைத் தனியா சோதிக்கச் சொல்லிக் கேட்கணும்.

காதும் அப்படித்தான். நடுக்காதுல நீர் கோத்தா கேட்கிறது ஒரு வாரம் குறையும், ஒரு வாரம் சரியாகும். ல, ள, ழ வித்தியாசத்தை சளி பிடிச்சிருக்கிற நாள்ல சொல்லிக்கொடுத்தா எங்க ஏறும்? வீடா பள்ளியாங்கிறது அதுக்கு அப்புறம்.

எழுத்தாணி:
சரியான பேச்சு. ஆனால் கண் பரிசோதனைக்கு ஒரு நாள் போதும். மீதி 119 நாள் என்ன செய்வது என்று திறந்தவெளி சொல்லட்டும்.

திறந்தவெளி:
சும்மா இருக்கச் சொன்னேன்னு யார் சொன்னா? தினம் அரைமணி நேரம் பெரியவங்க சத்தமா வாசிச்சுக் காட்டணும், பிள்ளை கேட்டுக்கிட்டே இருக்கணும். தானே வாசிக்கிற அளவைவிட ரெண்டு வகுப்பு மேல உள்ள கதைகூடப் புரியும். சொல்வளம் அதுலதான் ஏறுது. சீட்டு விளையாட்டு, அளந்து கலக்குற வேலை, படம் வரையறது...

எழுத்தாணி:
வாசித்துக் காட்டுவதற்குப் புத்தகத்தைத் தொடவேண்டாமா? "புத்தகமே தொடக்கூடாது" என்பது உங்கள் வாக்கியம்.

திறந்தவெளி:
பாடப்புத்தகத்தைச் சொன்னேன். படிக்கிறவங்களுக்குப் புரியும்.

எழுத்தாணி:
பாடப்புத்தகம் என்று எழுதவில்லை. "புத்தகமே" என்று எழுதினீர்கள். ஏகாரத்தோடு.

வாசல்படி:
எனக்குத் தோன்றுவது வேறு. திங்கள் காலை வயிற்றுவலி, விடுமுறையில் வலி இல்லை என்றால் அது பயம். பயத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்வது உடனடி நிம்மதி தரும், அந்த நிம்மதியே அடுத்த நாள் வாசல் தாண்டுவதை இன்னும் கடினமாக்கும். வாரக்கணக்கில் விடுபட்டால் திரும்பிப் போவது மிகவும் சிரமம். அதனால் நிறுத்துவதற்கு முன் ஆசிரியரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்பு முன்னால் எழுப்பி வாசிக்க வைக்கக்கூடாது. நாளைய பாடத்தின் பத்தியை இன்றே கொடுத்தனுப்ப வேண்டும். பதிலை வாயால் சொல்லவிட்டு மதிப்பெண் போட வேண்டும். எட்டு வாரம் பாருங்கள். பிறகு முடிவெடுக்கலாம்.

திறந்தவெளி:
நாற்பது நிமிஷ வகுப்பு, நாற்பது பிள்ளைங்க. தலைக்கு ஒரு நிமிஷம். இதுல அந்த ஆசிரியர் மூணு சலுகையும் ஞாபகம் வெச்சு செய்வாராம்.

சுண்டுவிரல்:
கணக்கு எப்படி இருக்குன்னு யாருமே கேட்கலையே? 8 + 5க்கு ஒன்பது வயசுல இன்னும் ஒண்ணுல இருந்து விரல் எண்ணினா, மூணு புள்ளியைப் பார்த்த உடனே 'மூணு'ன்னு சொல்ல முடியலன்னா, அது வாசிப்பு மட்டும் இல்லாத சிக்கல். வழியும் வேற.

எழுத்தாணி:
திரி வாசிப்பு பற்றியது. கணக்குக்குத் தனியாக ஒன்று தொடங்குங்கள்.

அந்த அம்மாவுக்காக எழுதுகிறேன், கடைசிவரை படியுங்கள். பள்ளியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நாளை காலையிலேயே தொடங்கலாம். இருபது நிமிஷம் காலை, இருபது நிமிஷம் மாலை, அதற்கு மேல் வேண்டாம். முதல் மூன்று நிமிஷம் தெரிந்த எழுத்து அட்டைகள், பதினைந்து போதும். தவறினால் அந்த அட்டையை மூன்று அட்டைக்குப் பின்னால் செருகுங்கள், உடனே திரும்ப வரும். அடுத்த ஐந்து நிமிஷம் அட்டையே இல்லாமல் வாய்மட்டும்: 'ம்... ஆ... ன்' சேர்த்தால் என்ன, 'கல்' என்பதில் க-வை எடுத்து ப போட்டால் என்ன. பிறகு ஒரே ஒரு புதிய குறி. ஐந்து நிமிஷம் அந்தக் குறி வரும் சொற்களை வாசிப்பது. கடைசி இரண்டு நிமிஷம் நீங்கள் சொல்ல அவன் எழுதுவது.

247 எழுத்தையும் அட்டவணை வரிசையில் ஓட்டாதீர்கள். 'க கா கி கீ' ராகமாகப் பதிந்துவிடும், நடுவில் 'கூ'வைத் தொட்டுக்காட்டினால் பிள்ளை முதலிலிருந்து பாடிக்கொண்டு வரும். அதைப் பார்த்துவிட்டு எழுத்து தெரியும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். முதலில் ப, ட, ம, க, ல ஐந்தும், காலும், புள்ளியும். படம், மடம், பாடம், பட்டம், பால், கல் என்று அன்றைக்கே சொற்கள் வந்துவிடும். கால் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி, அதனால் முதலில். உகரம் கு-வுக்கு ஒரு உரு, து-வுக்கு ஒரு உரு, பு-வுக்கு ஒரு உரு, அதனால் பிறகு. ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் ஒரே வாரத்தில் காட்டாதீர்கள். ஒன்று உறுதியான பின்தான் மற்றது.

தடுக்கியதும் சொல்லைச் சொல்லிவிடாதீர்கள், மனசுக்குள் ஐந்து எண்ணுங்கள். படத்தைப் பார்த்து ஊகித்தால் படத்தைக் கையால் மூடுங்கள். நூறு சொல்லில் பத்துக்கு மேல் தவறினால் அந்தப் பக்கம் அவனுக்கு அதிகம், கீழே இறங்குங்கள். இதில் எந்த இடத்தில் நாலு மாசம் இடைவெளி வைப்பது? அரைகுறையாகப் பதிந்த எழுத்து இரண்டு வாரம் தொடாவிட்டாலே கலைந்துவிடுகிறது.

கொய்யாமரம்:
இது நல்லா இருக்கு. தாத்தா காலத்துப் புத்தகத்துல வெச்சுப் பழக்கலாமா?

எழுத்தாணி:
வேண்டாம். 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, னை எல்லாம் வேறு உருவில் இருக்கும். திணறுகிற பிள்ளைக்கு இரட்டைச் சுமை.

திறந்தவெளி:
நீளமா எழுதினா சரியாயிடுமா? இதே அட்டை, இதே இருபது நிமிஷத்தை நான் எதிர்க்கவே இல்ல. எப்பங்கிறதுதான் கேள்வி. கண்ணு கலங்குற பிள்ளைக்கு முதல் நாளே அட்டை நீட்டினா அந்த அட்டையும் கிழியும். இடதுகைப் பிள்ளைக்குத் தாளோட மேல்முனையை வலப்பக்கம் சாய்க்கணும்னு கையெழுத்துத் திரியில நான் சொன்னப்பவும் இப்படித்தான் பிடிவாதம் பிடிச்சீங்க. நாலு பேர் சொன்ன பிறகுதான் வாய் மூடினீங்க.

எழுத்தாணி:
கையெழுத்துத் திரியை இங்கே இழுக்காதீர்கள். அங்கே நான் கேட்டது எவ்வளவு சாய்ப்பது என்று. அதற்கும் பதில் வரவில்லை. இங்கே கேட்பது ஒரு மாசக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று. இதற்கும் வரவில்லை.

வெள்ளெழுத்து:
அந்த அம்மா இன்னும் கண் பார்த்தாங்களான்னு சொல்லலையே.

திறந்தவெளி:
பிள்ளை தானா வந்து 'இது என்ன எழுத்து'ன்னு கேட்கிற வரைக்கும் காத்திருக்கணும். அதுக்குத்தான் வகுப்புக்கு ஒரு மாசம். கூடக்குறைய ஆகலாம்.

எழுத்தாணி:
இப்போது "கூடக்குறைய" வந்துவிட்டது. காலையில் ஆறு மாசம் என்றீர்கள்.

கொய்யாமரம்:
அப்ப மழலையர் வகுப்பைச் சேர்க்கணுமா வேண்டாமா?