லிப்யூவி: ஹேண்டிலை மூடிய கையோடு ஃப்ரீ செய்தால் நிரல் விழுகிறது

கேள்வி (மன்னார்குடி):
பாமணியாற்றுப் பாசன வாய்க்கால் மதகுகளில் நீர்மட்டம் அளக்கும் கருவிகளிடமிருந்து டிசிபி வழியே தரவு பெறும் சிறு சர்வர் ஒன்றைச் சி மொழியில், பல இணைப்புகளை ஒரே லூப்பில் (நிகழ்வுகளைச் சுற்றிச் சுற்றிக் கவனிக்கும் சுழற்சியில்) கையாளும் லிப்யூவி நூலகம் கொண்டு எழுதியுள்ளேன். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு). அதனுள் டிசிபி ஹேண்டில் (இணைப்பைக் குறிக்கும் லிப்யூவி பொருள்) ஒன்றும், 30 விநாடி தரவு வராவிட்டால் இணைப்பைத் துண்டிக்கும் டைமர் ஒன்றும் உள்ளன. துண்டிக்கும்போது இரண்டுக்கும் யூவி_குளோஸ் அழைத்து, அடுத்த வரியிலேயே ஸ்ட்ரக்டை ஃப்ரீ செய்கிறேன், அதாவது அதன் நினைவகத்தை விடுவிக்கிறேன். வீட்டில் ஒற்றைக் கருவியோடு சோதித்தபோது குறை தெரியவில்லை. மதகடியில் மின்சாரம் போய்ப் போய் வரும் நாள்களில் மட்டும் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக அணுகலால் நிரல் விழுவது) வருகிறது.

பதில் (கும்பகோணம்):
மதகை இறக்கிய நொடியில் கடைமடை வரை வாய்க்கால் வற்றிவிடாது அல்லவா? யூவி_குளோஸ் ஹேண்டிலை மூட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடும். லூப் தன் சுற்றில் மூடும் கட்டத்துக்கு வரும்போதுதான் குளோஸ் கால்பேக் (மூடி முடிந்ததும் லூப் அழைக்கும் உங்கள் செயற்கூறு) அழைக்கப்படும். உங்கள் டைமர் கால்பேக்குக்கும் அந்தக் கட்டத்துக்கும் நடுவே புதிய இணைப்புகளை ஏற்கும் ‘போல்’ (poll) கட்டம் இருக்கிறது. மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் வந்து இணைய, நீங்கள் விட்ட நினைவகத்தையே மாலக் (நினைவகம் ஒதுக்கும் செயற்கூறு) அவற்றுக்குக் கொடுத்திருக்கக்கூடும். அப்போது பட்டியலில் இருந்த பழைய ஹேண்டிலின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஃப்ரீ செய்வதைக் குளோஸ் கால்பேக்குக்குள் கொண்டுபோங்கள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அவ்வாறே மாற்றினேன், இப்போது டபுள் ஃப்ரீ (ஒரே நினைவகத்தை இருமுறை விடுவித்தல்) என்று நிரல் நின்றுவிடுகிறது.

பதில் (திருவாரூர்):
ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இரண்டு ஹேண்டில்கள் இருப்பதால் கால்பேக்கும் இரண்டு முறை வரும். முதல் முறையே ஃப்ரீ செய்துவிட்டால் இரண்டாவது எதன் மேல் நிற்கும்? ஸ்ட்ரக்டில் ஓர் எண்ணியை வைத்து 2 எனத் தொடங்குங்கள். இரண்டு ஹேண்டில்களின் டேட்டா சுட்டியும் அந்த ஸ்ட்ரக்டையே காட்டட்டும். ஒவ்வொரு குளோஸ் கால்பேக்கிலும் எண்ணியை ஒன்று குறைத்து, பூஜ்யமானால் மட்டும் ஃப்ரீ செய்யுங்கள். எது முதலில் மூடப்படும் என்ற வரிசையை நம்ப வேண்டாம்.

இணைப்பு அறுவதும் டைமர் முடிவதும் அடுத்தடுத்து நேரலாம். மூடப்பட்டுக்கொண்டிருக்கும் ஹேண்டிலை மறுபடி மூடினால் லிப்யூவியின் அசர்ட் சோதனை தோற்று நிரல் நின்றுவிடும். எனவே யூவி_இஸ்_க்ளோசிங் கேட்டுவிட்டு மூடுங்கள். பாதியில் நிற்கும் ரைட் (தரவு அனுப்பும்) கோரிக்கைகள் யூவி_ஈகேன்சல்ட் (ரத்தானது) பிழையோடு தம் கால்பேக்குக்கு வரும். அங்கே அந்தக் கோரிக்கைக்கு ஒதுக்கியதை மட்டும் விடுவியுங்கள், ஸ்ட்ரக்டைத் தொடாதீர்கள்.

கேட்டவர்:
எண்ணி வைத்தபின் டபுள் ஃப்ரீ வருவதில்லை. சர்வரை நிறுத்தும்போது லூப்பை மூடும் யூவி_லூப்_குளோஸ் மட்டும் யூவி_ஈபிஸி (இன்னும் பயன்பாட்டில் உள்ளது) என்ற பிழையைத் தருகிறது.

பதில் (திருவாரூர்):
புதிய இணைப்புகளுக்காகக் காத்திருக்கும் சர்வர் ஹேண்டில் இன்னும் திறந்திருக்கும். எல்லா ஹேண்டில்களையும் வரிசையாகக் காட்டும் யூவி_வாக் கொண்டு மூடப்படாத அனைத்தையும் மூடி, லூப்பை ஓட்டும் யூவி_ரன்னை இன்னொரு முறை ஓட்டிய பிறகு யூவி_லூப்_குளோஸை அழையுங்கள்.