நாய்க்கு ரத்தச் சிவப்பணு சிதைவு: பபீசியா பி.சி.ஆர். எங்கே எடுப்பது?

காட்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு சிப்பிப்பாறை, பெண், 4 வயது. போன வாரம் சாப்பாட்டைத் தொடவில்லை, படி ஏறினாலே மூச்சு வாங்கியது. ஈறு வெளுத்து, இப்போது மஞ்சள் தட்டியிருக்கிறது. சிறுநீர் காபி டிகாஷன் மாதிரி போகிறது.

பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 16 சதவீதம்தான்; 37-க்குக் குறையக் கூடாது. டாக்டர் சிலைடில் ஒரு சொட்டு ரத்தத்தோடு சலைன் கலந்து என்னையும் பார்க்கச் சொன்னார். எவ்வளவு ஆட்டியும் சிவப்புத் திட்டுகள் பிரியவே இல்லை. ஸ்மியரில் (கண்ணாடியில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) ஸ்பீரோசைட்டும், அதாவது உருண்டையாகிப்போன சிவப்பணுவும், நிறைய. உடம்பே தன் சிவப்பணுவை அழிக்கிறது என்கிறார். சரி, அதைத் தூண்டியது எது?

வெங்காயம் தின்னவில்லை, புது மருந்தும் கொடுக்கவில்லை. எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் உலோகம் எதுவும் இல்லை. உண்ணியால் வரும் எர்லிச்சியா கிருமிக்கான கிட் டெஸ்ட் நெகட்டிவ். டாக்சிசைக்ளினும் (ஆன்டிபயாடிக்) பிரெட்னிசலோனும் (ஸ்டீராய்டு) போகின்றன, பி.சி.வி. ஏறவில்லை. காதுக்குள் உண்ணி இருந்தது. அதனால் எனக்கு உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணியான பபீசியா கிப்சோனி மேல்தான் சந்தேகம். ஸ்மியரில் தெரியவில்லைதான், ஆனால் அது மிகச் சிறியது, கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு மருந்தே வேறு. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை வண்டியில் கொண்டுபோகும் நிலையில் அவள் இல்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் நாய் ரத்தத்தை வாங்கி பபீசியா பி.சி.ஆர். (ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) செய்து தரும் லேப் எது?