பிபி பல்ப் வெச்சு கார்பரேட்டர் லீக் டெஸ்ட்: முள் 300-லிருந்து 180-க்கு இறங்குது. குறை கார்பிலயா, கருவியிலயா?

தோப்புக்காரன்:
58 சிசி டூ ஸ்ட்ரோக் செயின் சா. குளிர்ல நாலு இழுப்புல எடுக்குது. சூடா நிறுத்திட்டு 20 நிமிஷம் கழிச்சு இழுத்தா எடுக்கல, பிளக் நனைஞ்சு வருது. டயாஃப்ரம் கிட் (கார்ப் உள்ள இருக்கிற மெல்லிய சவ்வுகளும் பேக்கிங்கும்) போன வாரம் மாத்தியாச்சு. கார்ப் உள்ள பெட்ரோலை நிறுத்துற நீடில், அது உட்காருற சீட்ல லீக்கோன்னு சந்தேகம்.

டெஸ்ட் கருவி: பழைய பிபி மிஷினோட பல்ப், டயல், 4 மி.மீ. அக்வேரியம் டியூப், டீ (T வடிவ மூணு வாய் இணைப்பு). பெட்ரோல் வர்ற நிப்பிள்ல மாட்டி 300 மி.மீ. ஏத்தினேன். ஒரு நிமிஷத்துல 180. கார்ப் புதுசா வாங்கணுமா அண்ணே?

பட்டறை:
இப்ப வாங்காதீங்க தம்பி. முதல்ல கார்பைக் கழட்டிட்டு டியூப் முனையை மடிச்சு இறுக்கிக் கட்டி அதே 300 ஏத்திப் பாருங்க. கருவி தனியா பிரஷரைப் பிடிச்சு நிக்காம கார்பைப் பத்தி எதுவும் சொல்ல முடியாது.

பிபி பட்டையில சில நூறு மில்லி காற்று இருக்கும். பல்ப் திருகுல ஒரு துளி கசிஞ்சாலும் முள் மெதுவாத்தான் இறங்கும். உங்க டியூப்ல மொத்தமே 15 மில்லி இருந்தா அதிகம். அதே கசிவு அங்க பல மடங்கு வேகமா தெரியும். ஏத்தின உடனே முள் இறங்குறதைக் கணக்கு வைக்காதீங்க, 15 விநாடி விடுங்க. அமுக்கின காற்று சூடா இருக்கும், ஆறும்போது முள் கொஞ்சம் தானா இறங்கும்.

தோப்புக்காரன்:
முனையைக் கட்டிப் பார்த்தேன். 300-லிருந்து 215. முக்கால்வாசி கருவியோட கசிவுதான் போல.

பட்டறை:
ஆமா. இன்னொரு குறையும் இருக்கு. 300 மி.மீ. பாதரசம்னா 0.4 பார்தான், 6 பி.எஸ்.ஐ.கூட வராது. ஸ்டில் (Stihl) செயின் சா கம்பெனி சர்வீஸ் முறையில கார்ப் டெஸ்டுக்கு 0.8 பார் ஏத்தணும், அதாவது 600 மி.மீ. அந்த டயலை 300 தாண்டி அமுக்கினா உள்ள இருக்கிற மெல்லிய தகடு விரிஞ்சு போயிடும், அப்புறம் பூஜ்யத்துக்கே வராது.

பல்பை விட்டுடுங்க. மெடிக்கல்ல 20 மில்லி சிரிஞ்சும், டிரிப்புக்குப் போடுற மூணு வழி ஸ்டாப்காக்கும் வாங்குங்க. ஏர் ஃபிட்டிங் கடையில 0-2 பார் கேஜ், அதோட மரைக்கு ஏத்த 4 மி.மீ. புஷ் ஃபிட்டிங் (டியூபை அப்படியே சொருகுற இணைப்பு), 4 மி.மீ. டீ, 4 மி.மீ. பி.யூ. (பாலியூரித்தேன்) டியூப் அரை மீட்டர். கேஜ் மரையில டெஃப்லான் டேப் நாலு சுத்து.

ஸ்டாப்காக்கோட ஒரு வாயில சிரிஞ்ச், ஒரு வாய் திறந்தபடி காத்துக்கு, மூணாவது வாய் டீக்கு. டீயோட மத்த ரெண்டு கை கேஜுக்கும் கார்புக்கும். கார்ப் பக்கம் 3 மி.மீ. உள்விட்டம் உள்ள பெட்ரோல் டியூப் ஒரு துண்டு எடுத்து, அதுக்குள்ள பி.யூ. டியூபை ஒன்றரை செ.மீ. சொருகி மெல்லிய கம்பியால கட்டுங்க. பி.யூ. டியூபை பிளேடால நேரா வெட்டணும். சாய்ச்சு வெட்டினா புஷ் ஃபிட்டிங் ஓ-ரிங்ல உட்காராம அங்கயே கசியும், இதுலதான் பாதி பேர் தடுமாறுவாங்க.

காத்தை இழுத்து, கைப்பிடியைத் திருப்பி, தள்ளி, மறுபடி திருப்பி இழுங்க. மூணு தள்ளுக்குள்ள 0.8 வந்துடும். வந்ததும் ஸ்டாப்காக்ல டீ பக்கத்தை மூடிடுங்க, சிரிஞ்ச் பிஸ்டன் கசிவு கணக்குல வராது. பிபி பல்ப்ல இருக்கிற மாதிரி வால்வும் திருகும் இல்லாததால கசிய இடமும் குறைவு.

புல்வெட்டி:
ஒரு சேர்க்கை. பிரைமர் பல்ப் (ஸ்டார்ட்டுக்கு முன்னாடி பெட்ரோல் இழுக்க அமுக்குற குமிழ்) கார்பிலயே இருக்கிற பிரஷ் கட்டர்காரங்க கவனிக்கணும், அதுல நிப்பிள் ரெண்டு. டேங்குக்குத் திரும்பிப் போற நிப்பிள்ல மாட்டினா உள்ள இருக்கிற ரப்பர் வால்வு எதிர்த்து மூடிக்கும், கார்ப் கெட்டிருந்தாலும் பிரஷர் அசையாம நிக்கும். டேங்க் ஃபில்டர்லருந்து வர்ற டியூப் எதுன்னு பார்த்து அதுல மாட்டுங்க.

தோப்புக்காரன்:
செஞ்சாச்சு. முனையை மூடினா 0.8 அஞ்சு நிமிஷம் அசையல. கார்பை மாட்டினா சில விநாடியில 0.45-க்கு விழுது. ஆனா அங்கயே நின்னுடுது, அதுக்குக் கீழ இறங்கல.

பட்டறை:
இந்த ஒரு வரியிலதான் விடை இருக்கு. சீட்ல தூசி, நீடில் முனையில கோடுன்னா முள் பூஜ்யம் வரைக்கும் மெதுவா போகும். விழுந்து ஒரு இடத்துல நின்னா நீடில் நல்லா மூடுது, ஆனா அதைப் பிடிச்சிருக்கிற அழுத்தம் போதல. பழைய டயல்ல 0.4 தாண்ட முடியாததால இது தெரியவே தெரியாது.

கார்பை டர்பன்டைன் கிண்ணத்துல முக்கி குமிழ் எங்க வருதுன்னு பாருங்க. தண்ணி வேண்டாம். வென்சூரி (இன்ஜினுக்குக் காத்து போற நடு ஓட்டை) உள்ள வந்தா நீடில் வழி. இன்ஜின்ல உட்காருற முகத்துல இருக்கிற சின்ன இம்பல்ஸ் ஓட்டைல வந்தா பம்ப் டயாஃப்ரம். ஒற்றை ஸ்க்ரூ மூடி ஓரத்துல வந்தா பம்ப் பேக்கிங்.

வென்சூரில வந்தா, நாலு ஸ்க்ரூ மூடியையும் மீட்டரிங் டயாஃப்ரத்தையும் கழட்டிட்டு மறுபடி 0.8 ஏத்துங்க. இப்ப நின்னா டயாஃப்ரம் நடுவுல இருக்கிற பட்டன், நீடிலைத் திறக்கிற லீவரை அமுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கிட் மாத்தினதா சொன்னீங்க, பேக்கிங் வரிசையைப் பாருங்க. வால்ப்ரோ கம்பெனி மாதிரி கார்ப்ல மீட்டரிங் பக்கம் உடம்பு மேல முதல்ல பேக்கிங், அப்புறம் டயாஃப்ரம். பம்ப் பக்கம் தலைகீழ்: முதல்ல டயாஃப்ரம், அப்புறம் பேக்கிங், அப்புறம் மூடி.

தோப்புக்காரன்:
குமிழ் வென்சூரிலதான். மூடியைக் கழட்டினதும் 0.8 நின்னுடுச்சு! மீட்டரிங் பக்கம் டயாஃப்ரம் கீழயும் பேக்கிங் மேலயும் இருந்துது. பேக்கிங் கனம் அளவுக்கு பட்டன் தாழ்ந்து லீவர்ல உட்கார்ந்திருக்கு. மாத்திப் போட்டேன், மூடியோட 0.8 நிக்குது. சூட்டுல ரெண்டு தடவை நிறுத்தி எடுத்தேன், ரெண்டாவது இழுப்புல பிடிக்குது.

பட்டறை:
நல்லது. மூடி கழட்டியிருக்கும்போதே பாப்-ஆஃப் (நீடில் திறக்கிற அழுத்தம்) எடுத்திருக்கலாம், அடுத்த தடவை செய்யுங்க. நிப்பிள்ல ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டு நனைச்சு, நீடில் திறக்கிற வரைக்கும் மெதுவா ஏத்தி அளவைக் குறிங்க. காய்ஞ்ச நீடில் ஒவ்வொரு தடவையும் வேற அளவு காட்டும். மாடலுக்கு மாடல் எண் மாறும், மூணு தடவையும் ஏறக்குறைய ஒரே இடத்துல திறந்து, ஒரே இடத்துல மூடுறதுதான் முக்கியம். அளவு குறைஞ்சா ஸ்ப்ரிங்கை இழுத்து நீட்டாதீங்க, புது ஸ்ப்ரிங் போடுங்க.

அப்படியே டேங்க் வென்ட்டையும் (காத்து உள்ள போற வழி) அந்த சிரிஞ்சாலயே பாருங்க. டேங்குக்குள்ள காத்து போகணும். அடைச்சிருந்தா கொஞ்ச நேரம் ஓடினதும் பெட்ரோல் வராம நின்னுடும், ஆளுங்க கார்பைத்தான் மறுபடி கழட்டுவாங்க. டெஸ்டுக்கு முன்னாடி கார்பை ஊதிக் காய வைங்க, பெட்ரோல் திரும்பி ஸ்டாப்காக்குக்குள்ள போனா அந்த பிளாஸ்டிக் வெடிப்பு விட்டுடும்.